ஃப்ளூ ஊசிக்கு இத்தனை யோசனை, நாய்க்குட்டிக் கீறலுக்கு மஞ்சளா?

குமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"எனக்கு வயது 61. மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. இப்போதும் பாதி மரத்தை நானேதான் வெட்டுகிறேன். சுகர் 12 வருடமாக உண்டு. இரண்டு வருடம் முன்பு ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது இருதய டாக்டர் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். என் மச்சினன் நல்ல ஆரோக்கியமாக இருந்தவன். கோவிட் ஊசி போட்ட எட்டாவது மாதம் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அதிலிருந்து ஊசி என்றாலே வீட்டில் எல்லாருக்கும் பயம். நான் வெளியே அதிகம் போகிறவனும் இல்லை. போட்டால் வரும் ஆபத்து பெரிதா, போடாவிட்டால் வரும் ஆபத்து பெரிதா? பின்குறிப்பு: மூன்று நாள் முன்பு பால் வெட்டப் போகும்போது ரோட்டில் திரிகிற நாய்க்குட்டி ஒன்று காலில் கீறிவிட்டது. லேசாக ரத்தம். மஞ்சள் வைத்திருக்கிறேன். அதற்கும் ஏதாவது வேண்டுமா?"

கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் வேலை, அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்ததுதான். பின்குறிப்பு படுத்திய பாடு. ஃப்ளூ ஊசியைப் பற்றி ஒரு வாரம் உட்கார்ந்து பேசலாம். ரத்தம் வந்த நாய்க் கீறலுக்கு அந்த வசதி கிடையாது. அன்றைக்கே அவர் குலசேகரம் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டார். இதே மாதிரி மஞ்சளோடு இன்னும் நாலு பேர் இருப்பீர்கள் என்பதால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக யாரும் இல்லை. எனவே இந்த ஊசியில் எடைபோட எதுவும் இல்லை. தராசின் ஒரு தட்டில் கை வலி, மறு தட்டில் உயிர். கர்ப்பிணிக்கும் போடலாம், சுகர் உள்ளவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் போடலாம். கடித்தது குட்டியா பெரிய நாயா என்பது கணக்கே இல்லை, குட்டிக்கும் ரேபிஸ் வரும். கீறலில் ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். மூன்று நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, தாமதமானாலும் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், இலவசமாக, கையில். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழைய கதை. அந்த இம்யூனோகுளோபுலின் பக்கத்து மருத்துவமனையில் இல்லை என்றால் தக்கலைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுங்கள். பத்து நாள் நாயைக் கவனித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் ஊசி, நாயைக் கவனிப்பது அதன் கூடவே. கடித்த உடனே செய்ய வேண்டியது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி.

மச்சினனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் முடிவெடுக்கிறவர் அவர்தான். ஊசி போட்டார், இறந்தார் என்ற இரண்டும் உண்மை. முதலாவது இரண்டாவதுக்குக் காரணமா என்பது தனிக் கேள்வி. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்து மக்கள் தொகை சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம். வருடத்துக்கு ஆயிரத்தில் ஆறு பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஊசி என்ற ஒன்றே இல்லாத ஊரிலும் ஒரு நாளைக்கு முப்பது சாவு விழும். ஒரே நாளில் மாவட்டம் முழுக்க எல்லாருக்கும் ஊசி போட்டு, ஊசியில் வெறும் தண்ணீரை வைத்தால்கூட, அடுத்த ஒரு மாதத்தில் தொள்ளாயிரம் வீடுகளில் "ஊசி போட்டு ஒரு மாசம்கூட ஆகல" என்று அழுவார்கள். எட்டு மாதம் என்றால் எத்தனை வீடு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதற்காகக் கோவிஷீல்டால் யாருக்கும் கெடுதல் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தது. தட்டணுக்கள் குறைந்து, மூளை ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டியாக உறைகிற ஓர் அபூர்வமான பாதிப்பு. அது பெரும்பாலும் ஊசி போட்ட நாலாம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் தலைகாட்டும். எட்டாம் மாதத்து மாரடைப்பு அந்த வகையில் சேராது. 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டியதாக அதில் தெரியவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, கோவிட்டுக்காக மருத்துவமனையில் படுத்தது, மரணத்துக்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தது, அளவுக்கு மீறி உடலை வருத்தியது, இவைதான் கூட்டின. உங்கள் மச்சினனுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. "நல்ல ஆரோக்கியமாக இருந்தவன்" என்று நம் ஊரில் சொன்னால், பல நேரம் பிரஷரும் கொழுப்பும் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். உங்கள் மனைவியின் வீட்டில் மற்றவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் இதே ஊசியை அஸ்ட்ராஜெனெகா என்ற பெயரில் போட்டார்கள். அந்த அபூர்வ பாதிப்பு வந்தபோது அங்கே நடந்தது நம் விஷயத்துக்கு நல்ல பாடம். 2021 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வயது வாரியாக ஒரு கணக்குப் போட்டார்கள். தொற்று குறைவாகப் பரவும் நாட்களில், 16 வாரத்தில், ஒரு லட்சம் பேருக்கு என்ன நடக்கும்? 20 முதல் 29 வயதில் ஊசி தீவிர சிகிச்சையிலிருந்து காப்பது 0.8 பேரை, ஊசியால் ரத்தம் உறைந்து பாதிக்கப்படுவது 1.1 பேர். 60 முதல் 69 வயதில் காப்பது 14.1 பேரை, பாதிப்பு 0.2 பேர். மருந்து ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். இளையவருக்கு லேசாக நஷ்டக் கணக்கு, மூத்தவருக்குப் பெரிய லாபம். அங்கே 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி கொடுக்க முடிவானது. தொற்று வேகமாகப் பரவிய நாட்களுக்குக் கணக்குப் போட்டால் இளையவர்களுக்கும் லாபம்தான் வந்தது.

இன்னொரு பழைய உதாரணம் உங்கள் தோளிலேயே இருக்கும், சட்டையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் அம்மை குத்திய வட்டத் தழும்பு உண்டு. நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1813-லேயே ராணி கௌரி லட்சுமிபாய் அம்மை குத்துவதற்கு ஏற்பாடு செய்தார். அந்த ஊசி ஒன்றும் பரம சாதுவானது இல்லை. முதல்முறை குத்திக்கொண்ட பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவர் அதனாலேயே இறந்தார்கள். ஆனால் பெரியம்மை வந்தால் பத்துக்கு மூன்று பேர் போனார்கள், அதனால் குத்திக்கொள்வதே லாபமாக இருந்தது. 1975-ல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை, 1980-ல் உலகத்திலேயே இல்லை என்ற அறிவிப்பு. குத்துவதையும் நிறுத்திவிட்டார்கள். ஊசியின் ஆபத்து முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். எதிர்த்தட்டு காலியானதால் அந்தச் சிறிய ஆபத்தும் அதிகமாகிவிட்டது.

ஆக, "இந்த ஊசி ஆபத்தானதா" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "61 வயது, சுகர், ஸ்டென்ட், அருமனை" என்று சேர்த்துக் கேட்டால் உண்டு.

வெளியே போவதில்லை என்கிறீர்கள். போனில் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை சத்தம் கேட்டது, யார் என்றேன். மகள் வீட்டுப் பேரன், ஒன்றாம் வகுப்பு, சாயங்காலம் முழுக்க தாத்தா மடியில்தானாம். அப்படியானால் நீங்கள் வெளியே போக வேண்டியதே இல்லை, ஃப்ளூ உங்கள் மடிக்கே வரும். உலக அளவில் வருடத்துக்குப் பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கும், குழந்தைகளில் 20 முதல் 30 பேருக்கும் ஃப்ளூ தொற்றுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த வருடம் வராமல் போகலாம். பத்து வருடம் தொடர்ந்து வராமல் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

வந்தால் என்ன? உங்கள் பேரனுக்கு மூன்று நாள் காய்ச்சல், கஞ்சி, பள்ளிக்கூடத்துக்கு லீவு. உங்களுக்கு அது சளியோடு நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஃப்ளூ வரும்போது உடம்பு முழுக்க அழற்சி ஏறுகிறது, ரத்தம் எளிதாக உறைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, சுகர் தறிகெட்டு ஏறுகிறது. ஏற்கனவே கொழுப்புப் படிந்த குழாயில் இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால்? கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு இருந்தது. உங்கள் இருதய டாக்டர் சளி ஊசி எழுதித் தருவதற்குக் காரணம் இதுதான், அவர் கவலை மூக்கைப் பற்றியது இல்லை.

ஊசி எவ்வளவு காக்கும்? அளவோடு எதிர்பாருங்கள். அந்த வருடத்து வைரசும் ஊசியும் நன்றாகப் பொருந்தினால், ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போக வேண்டிய நிலை 40 முதல் 60 சதவீதம் குறையும். பொருந்தாத வருடத்தில் இன்னும் குறைவு. ஊசி போட்டும் சளி பிடிக்கும், ஏனென்றால் சளி தருகிற வைரஸ்கள் வேறு நிறைய உண்டு. ஆனால் இதய நோயாளிகளுக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 2021-ல் வெளியான ஒரு பரிசோதனையில், பங்களாதேஷ் உட்பட எட்டு நாடுகளில், பெரும்பாலும் அப்போதுதான் மாரடைப்பு வந்த சுமார் 2,500 பேரில் பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஒரு வருடத்தில் உப்புநீர்க்காரர்களில் 4.9 சதவீதம் பேர் இறந்தார்கள், ஊசிக்காரர்களில் 2.9 சதவீதம். நூறு பேருக்கு இரண்டு உயிர். உங்களுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் உங்கள் லாபம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். பாதி என்று வைத்தாலும் நூற்றில் ஒன்று.

இனி எதிர்த்தட்டு. கை வலி, ஒரு நாள் உடம்பு வலி, சிலருக்கு லேசான காய்ச்சல், இது சகஜம். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றை ஒட்டி வரும். அதற்குத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது, ஆட்டோ காத்திருக்கிறது என்று ஓடக் கூடாது. நரம்புகள் தளர்ந்து கை கால் விழும் கியான் பாரே என்ற நோய், பத்து லட்சத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம். குமரி மாவட்டம் முழுவதும் ஊசி போட்டுக்கொண்டால் இரண்டு முதல் நாலு பேர். அந்த நாலு பேருக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதே நோய் ஃப்ளூ வந்தாலும் வரும், ஊசியால் வருவதைவிட அதிகமாக. முன்பு எப்போதாவது அந்த நரம்பு நோயோ, ஃப்ளூ ஊசிக்குக் கடும் ஒவ்வாமையோ வந்திருந்தால் கணக்கே மாறும், டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நூற்றில் ஒன்று ஒரு பக்கம், பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு மறுபக்கம். என் அண்ணனாக இருந்தால் போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் 30 வயது மகன், வேறு நோய் இல்லாதவர், இதையே கேட்டிருந்தால் "போட்டால் நல்லது, பணம் இடித்தால் விட்டுவிடலாம்" என்று சொல்லியிருப்பேன்.

பணம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பெரியவர்களுக்கான இந்த ஊசி பெரும்பாலும் தனியாரில்தான், இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி, வருடா வருடம். நிமோனியா ஊசி அதைவிட விலை கூடியது, ஆனால் வருடா வருடம் வேண்டாம். 20 வகைக் கிருமிகளுக்கான புதியது கிடைத்தால் ஒன்றே போதும். இல்லையென்றால் 13 வகை, குறைந்தது ஒரு வருடம் கழித்து 23 வகை. சுகர் உள்ளவருக்கு அதுவும் நியாயமான செலவுதான். இரண்டுக்கும் சேர்த்துக் கையில் காசு இல்லை என்றால் இந்த வருடம் ஃப்ளூவை முதலில் முடியுங்கள்.

எப்போது போடுவது? ஒரு ஆய்வில் சென்னையிலும் வேலூரிலும் ஃப்ளூ உச்சம் அக்டோபர், நவம்பரில் தெரிந்தது. இந்தியாவின் பல ஊர்களில் அது தென்மேற்குப் பருவமழையோடு வருகிறது. நமக்கு இரண்டு மழையும் உண்டு. எனவே இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழைக்கு முன்னால், மே மாதத்தில் என்பது என் வழக்கம். மழைக்கு முன் ரப்பர் மரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுவீர்களே, அந்த வாரத்தையே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

ஸ்டென்டுக்காகச் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையை ஊசிக்காக நிறுத்தவே கூடாது. அதை நிறுத்துவதுதான் இந்தக் கதையில் உண்மையான ஆபத்து. மெல்லிய ஊசியாகப் போடச் சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். நல்ல காய்ச்சல் இருக்கும் நாளில் வேண்டாம்.

நாய்க்கடி ஊசி நடந்துகொண்டிருக்கும்போது ஃப்ளூ ஊசி போடலாமா என்று போனில் கேட்டீர்கள். போடலாம், இரண்டிலும் உயிருள்ள கிருமி இல்லை. வேறு கையில் போடச் சொல்லுங்கள். ஆனால் ஏழாம் நாள் ஊசியைத் தவறவிட்டுவிட்டு ஃப்ளூ ஊசிக்கு வந்து நிற்காதீர்கள். வரும்போது ஆஞ்சியோ ஃபைலோடு அந்த நாய்க்கடி அட்டையையும் கொண்டுவாருங்கள், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.