பாதி நம்பிக்கைக்குப் பாதிப் பொங்கலா?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 4,80,000 என்று இருந்தது. மாதம் 40,000 என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வங்கியில் விழுந்தது 29,738. முதல் சம்பளத்தில் குலசாமிக்குப் பொங்கல் வைத்துக் கிடாயும் வெட்டணும் என்கிறார் அம்மா. மாதம் 5,000 கட்டி எல்.ஐ.சி. போடு, வரி மிச்சம் என்கிறார் அப்பா. ஏஜென்ட் அவருடைய நண்பர். எனக்கோ சாமி நம்பிக்கை பாதிதான். யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், பெருங்குடி

பதில்: முதலில் சம்பளச் சீட்டு சொல்வதைக் கேளுங்கள். 40,000 என்று ஊருக்குச் சொன்னது அம்மாவும் இல்லை, குலசாமியும் இல்லை. நீங்கள்தான்.

ஆஃபர் லெட்டரில் இருந்த 4,80,000 என்பது சி.டி.சி., அதாவது வருடத்துக்கு உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது சம்பளம் அல்ல. நீங்கள் சீட்டை அனுப்பவில்லை என்றாலும், கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் கம்பெனி தன் பங்காகப் போடும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 2,400. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு, 4.81 சதவீதம், 962. நிரந்தர ஊழியருக்கு அது ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால்தான் கைக்கு வரும். வருடக் கடைசியில் வேலையைப் பார்த்துத் தரும் வேரியபிள் பே மொத்தத்தில் 10 சதவீதம், மாதக் கணக்கில் 4,000. குழு மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 500. இத்தனையும் போக மீதி 32,138. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 2,400 போனால் 29,738. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி 1,250 பிடிப்பார்கள். அந்த மாதம் இன்னும் குறையும். வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

பி.எஃப். பாஸ்புக்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாகச் சேர்கிறவருக்கு, பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டம் கிடையாது. கம்பெனியின் பங்கு முழுக்க பி.எஃப். கணக்கிலேயே விழ வேண்டும். சில அலுவலகங்களில் பழக்கதோஷத்தில் மாதம் 1,250-ஐப் பென்ஷன் பக்கம் தள்ளிவிடுவார்கள். பல வருடம் கழித்து வேலை மாறிப் பணத்தை மாற்றும்போது விண்ணப்பம் திரும்பி வரும். அப்போது திருத்த முடியாமல் அலைவீர்கள். இன்னொன்று, நம் ஊருக்கே உரிய தொல்லை: இனிஷியல். ஆதாரில் ஓரெழுத்து இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இனிஷியல் பின்னால் என்று இருந்தால் கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பு ஒத்துப்போகாது. முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

அப்பாவுக்கு என்ன சொல்வது? வரி மிச்சம் என்கிறார். உங்கள் வருமானத்துக்குப் பழைய வருமான வரி முறையிலும் வரி இல்லை, புதிய முறையிலும் இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? போதாக்குறைக்கு, புதிய முறையில் எல்.ஐ.சி. பிரீமியத்துக்கு வரிக்கழிவே கிடையாது. மாதம் 5,000 என்பது கைக்கு வருவதில் ஆறில் ஒரு பங்கு. சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியை ஓரிரு வருடத்தில் நிறுத்தினால் கட்டியதில் கணிசமான பகுதி போய்விடும். அதற்குள் நண்பருக்கு முதல் வருடக் கமிஷன் போய்ச் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நட்பு கெடாது, கெட்டால் அது நட்பில்லை. கல்விக் கடன் இருந்தால் அந்த 5,000-ஐ அதில் கட்டுங்கள். படித்து முடித்து ஓராண்டுவரை தவணைக்குத்தான் விடுப்பு. மானியம் இல்லாத கடனில் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான குழு பாலிசிகள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பை முதல் நாளிலிருந்தே ஏற்கும். தனியாக எடுத்தால் மூன்று வருடம்வரை காத்திருக்க வைப்பார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கெடு சில வாரம்தான்.

இனி குலசாமி. பாதி நம்பிக்கைக்குப் பாதிப் பொங்கல் என்று எந்தக் கோயிலிலும் விதி இல்லை. முழுசாக வையுங்கள், மாலை, தேங்காய், பழம், பூசாரி தட்சிணை சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடியும். பச்சரிசி ஒரு கிலோ, பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் ஒன்றேகால் கிலோ, நெய் 150 கிராம். இருபத்தைந்து தொன்னைக்குக் காணும். புது மண்பானையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் விறகுத் தீயில் விரிசல் விடும். உலைநீரைக் கழுத்துவரை ஊற்றி ஒரு டம்ளர் பால் சேர்த்தால் பொங்கி வழியும். வழிந்ததும் நாலைந்து கரண்டி நீரை முகந்து தனியே வைத்துக்கொண்டு அரிசியும் பருப்பும் போடுங்கள்; வற்றினால் அந்த நீரையே விடலாம். அவசரப்பட்டு வெல்லத்தைச் சீக்கிரம் போட்டால் அரிசி விறைத்துக்கொண்டு கடைசிவரை வேகாது. விரலால் நசுக்கினால் மசியும்போதுதான், கரைத்து மண் வடிகட்டிய பாகை ஊற்றி, விறகை இழுத்துத் தீயைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அடிப்பிடிக்கும், அதற்கும் உங்கள் பாதி நம்பிக்கையைத்தான் அத்தைமார் காரணம் சொல்வார்கள்.

கிடாய் வேறு விஷயம். பத்தாயிரத்துக்குக் குறையாது, வெட்டினால் பங்காளிகளைக் கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. அம்மா நேர்ந்துகொண்டாரா, ஆசைப்படுகிறாரா என்று கேளுங்கள். ஆசை என்றால் தள்ளிப்போடலாம். நேர்த்திக்கடன் என்றால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்குத் தவணைத் தேதி இல்லை, வட்டியும் இல்லை. உங்கள் கணக்கில் அப்படிப்பட்ட கடன் அது ஒன்றுதான். தென்மாவட்டக் குடும்பம் என்றால் மாசி சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ எப்படியும் எல்லாரும் கோயிலில் கூடுவீர்கள். கிடாய்ப் பேச்சை அப்போது எடுக்கலாம். வேரியபிள் பே நிஜமாகவே வருகிறதா என்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில் தெரிந்துவிடும்.