இயர்போன் வாங்கிக் கொடுத்தது யார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ரிட்டயர் ஆனதிலிருந்து நாள் முழுக்க யூடியூப்தான். ஒரு தலைவரின் பேச்சை எடுத்தாலே கொதிக்கிறார். ஒருகாலத்தில் அவருக்கே ஓட்டுப் போட்டவர். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்குச் சத்தம் இடைஞ்சல் என்று இயர்போன்கூட வாங்கிக் கொடுத்தேன். இப்போது எங்களுக்குள் பேச்சே இல்லை. அவரை எப்படித் திருத்துவது? (வாசகர், திருச்சி)

பதில்: தலைவரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், நான் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு வேறு பெயரைப் போட்டு மாதம் நாலு பேர் எனக்கு இதே கடிதத்தை எழுதுகிறார்கள்.

அது கிடக்கட்டும், தம்பி. போகிற போக்கில் இயர்போன் என்று ஒரு வரி எழுதினீர்களே, அதைப் பேசுவோம். முன்பெல்லாம் செய்தி ஹாலில், டிவியில் ஓடும். அப்பா திட்டுவார், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார், நீங்கள் குறுக்கே ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அதிலேயே பாதிக் கோபம் வடிந்துவிடும். இப்போது அவர் காதில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. யூடியூபுக்குத் தெரியும். எதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று கணக்கு வைத்து, அதே தலைவரைத் திட்டுகிற இன்னும் நாலை எடுத்து நீட்டுகிறது. ஃபேஸ்புக்கிலும் 2017-லிருந்து கொஞ்சகாலம், ஒரு லைக்குக்கு 1 புள்ளி என்றால் கோப முகம் போன்ற எமோஜிகளுக்கு 5 என்று வைத்துத்தான் எதை மேலே காட்டுவது என்று முடிவு செய்தார்கள். 2020-ல்தான் கோப முகத்தின் புள்ளியைப் பூஜ்யம் ஆக்கினார்கள். உங்கள் அப்பாவின் கோபத்துக்கு வெளியே அவ்வளவு கிராக்கி. வீட்டில்தான் அது இடைஞ்சல்.

திருத்துவதாம்! பெற்றவரைத் திருத்துகிற வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது? உங்கள் போனில் அதே தலைவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற வீடியோதானே வருகிறது? அதுவும் உங்களுக்கென்று பார்த்து எடுத்து வைத்ததுதான்.

பார்த்த வீடியோக்களின் பட்டியலை அழிக்கலாம், இந்தச் சேனலைக் காட்டாதே என்று சொல்லலாம், அதற்கெல்லாம் யூடியூபிலேயே வழி இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் போனில் கை வைத்தீர்கள் என்றால் அது திருட்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னப்பா சொல்றான் இவன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை, அரைமணி ஆனாலும் சரி, வாயைத் திறக்காதீர்கள். அப்புறம், பகலில் மீட்டிங் இருந்தால் அந்த இயர்போனை வாங்கி நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். அப்பா சத்தமாகவே கேட்கட்டும்.