பதில்: இரண்டு வேளை தேய்த்தும் சொத்தை ஏன்?

இரண்டு வேளை தேய்க்கிறீர்கள், இனிப்பும் குறைவு, ஆனாலும் புதிதாக மூன்று சொத்தை என்கிறீர்கள். எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன விஷயம்தான்: சர்க்கரை போட்ட காபியை வேலை முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது.

பல்லில் படியும் படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அதை லாக்டிக் அமிலமாக்கிவிடும். அங்கே பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து, அதாவது பல்லின் கடினமான வெளிப்பூச்சிலிருந்து, கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் அடுத்த வாய் குடித்துவிடுகிறீர்கள்! எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

காபியை விட வேண்டாம். ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குடித்து முடியுங்கள், இடையில் வெறும் தண்ணீர் போதும். ஃபுளோரைடு பற்பசையால் தேய்த்தபின் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்காதீர்கள். பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யப் பல் நூல் (ஃபிளாஸ்). அப்புறம், வாய் வறளவைக்கும் மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? இருந்தால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழி விழுந்துவிட்ட மூன்றையும் அடைக்கத்தான் வேண்டியிருக்கும், அது தானாக மூடாது.