மாதிரிக் கணக்கெடுப்பு: பத்தில் ஒரு பங்கு வீடுகளைக் கேட்டால் போதுமா?

தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலூர் மீனவக் கிராமங்களில் எத்தனை சதவீதக் குடும்பங்களுக்குக் காப்பீடு இருக்கிறது என்று அறிய, பத்தில் ஒரு பங்கு வீடுகளைக் கேட்டால் போதுமா என்கிறீர்கள்.

அந்தப் பத்தில் ஒன்று கணக்கை விட்டுவிடுங்கள். எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 95 சதவீத நம்பிக்கை (நூறு முறை இப்படி மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை விடை பிழை எல்லைக்குள் இருக்கும்), கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை, அதாவது 0.05, என்று வைப்போம். 95 சதவீத நம்பிக்கைக்கு உரிய எண் 1.96; அதன் வர்க்கத்தை, எதிர்பார்க்கும் விகிதத்தாலும் ஒன்றில் அதுபோக மீதியாலும் பெருக்கி, பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விகிதம் தெரியாதே என்றால் 0.5 போடுங்கள், அப்போதுதான் விடை மிகப் பெரிதாக வரும், அதனால் பாதுகாப்பு.

3.8416 × 0.25 ÷ 0.0025 = 384.16. மேல்நோக்கி முழுமையாக்கினால் 385 வீடுகள்.

பிழையைப் பாதியாக்க ஆசைப்பட்டால் மாதிரி நான்கு மடங்காகும்: 1537. கையில் இருக்கும் ஆட்களை நினைத்து முடிவெடுங்கள்.

மொத்தமே 2000 வீடுகள்தான் என்றால் திருத்தம் உண்டு: 384.16 ÷ (1 + 383.16/2000), அதாவது 323 போதும். அப்புறம், ஐந்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று நினைத்தால் 323-ஐ 0.8-ஆல் வகுத்து 404 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள்.

இதெல்லாம் முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால்தான் செல்லும். கரையில் கண்ணில் பட்டவர்களை மட்டும் கேட்டால், கடலுக்குப் போனவர்கள் விடுபடுவார்கள். ஆயிரம் பேரைக் கேட்டாலும் அந்தச் சாய்வு போகாது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வீட்டில் ஆள் கிடைக்க நல்ல நேரம்.