கண்டி டவுனிலும் சுற்றுப்புறத்திலும் தமிழர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது?

கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா 1970-களில் கண்டியிலிருந்து திரும்பி வந்தவராம். அந்தக் கண்டியும் அதைச் சுற்றிய ஊர்களும் இப்போது எப்படி, அங்கே தமிழர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்பது கேள்வி.

தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் தாத்தா கண்டி டவுனில் குடியிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை மலைநாடு மொத்தத்துக்கும் கண்டிச்சீமை என்றுதான் பேர். அட்டனில் கொழுந்து எடுத்தவரும் பண்டாரவளையில் கவ்வாத்து வெட்டியவரும் கப்பலேறி அந்தப் பக்கம் இறங்கியதும் கண்டிக்காரர் ஆகிவிட்டார்கள். 1964-இல் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் உங்கள் நீலகிரியில் டான்டீ என்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். எங்கள் அப்பாயியின் தம்பி குடும்பமும் அந்தக் கூட்டத்தில் போனது. கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது.

இந்தப் பக்கம் வந்தால் பேரில் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். சிங்களத்தில் கண்டிக்கு மஹநுவர, அதாவது பெரிய நகரம். பேச்சில் வெறும் 'நுவர'. பஸ் கொண்டக்டர் "நுவர, நுவர" என்று கத்தினால் அது கண்டிதான், நுவரெலியா இல்லை. திருச்சியிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர் இதைக் கேட்டு நுவரெலியாவுக்குப் போவதாக நினைத்து, பஸ்ஸுக்குள்ளேயே சுவெட்டர் மாட்டிக்கொண்டார். கண்டியில் இறங்கும்போது வேர்த்துக் கொட்டியது. கொழும்புக்காரருக்குக் கண்டி குளிர். அட்டன்காரருக்கு அதே கண்டி புழுக்கம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கேள்விக்கு அதுதான் நேர்வழி. எங்கள் தோட்டம் கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டைக்கு மேலே. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட லூல்கந்துர அந்தப் பக்கம்தான். நான் 1999-இல் ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பரீட்சை) எழுதிய கையோடு டவுனுக்கு வந்தேன், 'கடைக்கு நிற்க'. எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். "உங்க மூத்தவன் என்னா செய்றான்?" "டவுன்ல கடைக்கு நிக்கிறான்." உண்மையிலேயே அது நிற்கிற வேலைதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு இறக்குகிற வரை உட்கார நாற்காலி கிடையாது. இருந்த ஒரே நாற்காலி முதலாளியுடையது.

ஹார்ட்வெயார் கடை. முதலாளி அக்குறணை முஸ்லிம். பெரிய ஆட்களை நானா, அதாவது அண்ணன் என்போம், மற்றவர்களை பேர் சொல்லிக் கூப்பிடுவோம். ஐந்து பொடியன்கள் மேல்மாடியில் பெயின்ட் டின்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தோம். அந்த டர்பன்டைன் வாசனை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு தூக்கம் வரும். சிங்களம் மூன்று மாதத்தில் வந்தது. முதலில் எண்கள், அப்புறம் சாமான் பேர், கடைசியில் மரியாதைச் சொல். 'அங்கல் தெகே எண' என்றால் இரண்டங்குல ஆணி. பள்ளிக்கூடத்தில் பத்து வருசத்தில் ஏறாத மொழி ஆணிப் பெட்டி முன்னால் ஏறிவிட்டது. சிங்களவர்களுக்கு நான் மல்லி (அவர்கள் பாஷையில் தம்பி), யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தம்பி, எதிர்த்த தேத்தண்ணிக் கடைக்கு 'ஹார்ட்வெயார் பொடியன்'. என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகும்போதுதான் கிடைப்பார்கள்.

இந்த டவுனைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும்: கடைசி பஸ். மாநகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். பகலில் வந்துபோகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. இரவு எட்டுக்கு மேல் தலதா வீதியில் நடந்து பாருங்கள், நாய்களும் போலீசும்தான். இவ்வளவு பேர்போன நகரம் இப்படிச் சீக்கிரம் தூங்குகிறதே என்று வெளியாட்கள் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் மலைக்குப் போக வேண்டியவர்கள். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, இறங்கலை என்று எந்தப் பக்கம் எடுத்தாலும் இருட்டினால் பஸ் அருகிவிடும். பஸ்ஸை விட்டால் ஆட்டோதான், அதற்கு ஒருநாள் சம்பளம் காணாது.

அதனால் டவுனில் தமிழர் எண்ணிக்கை நாளைப் பொறுத்து மாறும். தோட்டத்தில் மாதாந்தச் சம்பளம் 10 ஆம் திகதி. அதற்கடுத்த சனி ஞாயிறில் மார்க்கெட் பக்கம் போனால் நீங்கள் மதுரையில் நிற்பதாகவே நினைக்கலாம். 25 ஆம் திகதிக்கு மேல் அதே தெருவில் தமிழ் காதில் விழுவது குறைவு. வருகிறவர்கள் சுற்றிப் பார்க்க வருவதில்லை. கிளினிக் கொப்பி ஒரு கையில், அடகு ரசீது இன்னொரு கையில். ஈ.பி.எப். காசுக்கு அலைகிறவர்கள், ஜனவரியில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குகிறவர்கள். எங்கள் அம்மாவின் சங்கிலி வீட்டில் இருந்த நாளைவிட டவுனில் இருந்த நாள்தான் அதிகம். "எங்க சங்கிலிக்கு நம்மளவிட டவுன் பழக்கம்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் தனிக் கணக்கு. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்ததும் நடைபாதை முழுக்க உடுப்புக் கடை முளைக்கும். "வாங்கம்மா, வாங்கக்கா" என்று தமிழில் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள், சிலர் என்னைவிட நல்ல தமிழ் பேசுவார்கள். அந்த முற்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது கையில் இருக்கிற காசு.

சரி, குடியிருக்கிற தமிழர்கள்? இருக்கிறார்கள். கட்டுக்கலையில் செல்வவிநாயகர் கோயிலைச் சுற்றி வியாபாரிகள், பழைய குடும்பங்கள். கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர, அம்பிட்டிய, குண்டசாலைப் பக்கங்களில் வாத்தியார்மார், கிளாக்கர்மார், வெளிநாட்டுக் காசில் வீடு கட்டியவர்கள். ஆனால் நகரத்துக்குள்ளேயே பழைய உழைப்பாளித் தமிழ்க் குடியிருப்பு என்றால் மகியாவ. நகரைக் கூட்டித் துடைக்கிற வேலைக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். சாதிப் பேச்சு எங்கள் ஆட்களிடம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். என்னோடு கடைக்கு நின்ற ஒருவன் அங்கத்தியான். வேலைக்கு மனுப்போடும்போது கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற அத்தை வீட்டு விலாசத்தைத்தான் எழுதுவான். சொந்த விலாசம் எழுதிய மனுக்களுக்குப் பதில் வந்ததில்லையாம். கண்டியின் பெரிய ஊர்வலத் திருவிழாவான பெரஹெரா முடிந்த மறுநாள் விடியுமுன் தெரு முழுக்கச் சுத்தமாகிவிடுகிறது என்று எல்லோரும் மெச்சுவார்கள், யார் சுத்தம் செய்தது என்று கேட்பவர் இல்லை.

பெரஹெராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஆடி ஆவணியில், பத்து நாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக விடியற்காலையிலேயே வந்து நடைபாதையில் படங்கு விரித்து இடம் பிடிப்போம். சோத்துப் பார்சல், ஃபிளாஸ்க், குழந்தைக்குக் கம்பளி எல்லாம் கட்டிக்கொண்டு. வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலம் வரும். கதிர்காம யானை தெரிந்ததும் எங்கள் அம்மா எழுந்து நின்று கும்பிடுவார், முருகன் அல்லவா. கடைசியில் வருகிற பத்தினி நம்முடைய கண்ணகி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்கள ஆச்சியும் எழுந்து கும்பிட்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. முறுக்கை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இந்த நகரத்தின் கடைசி ராஜாக்கள் நால்வரும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி, ஏரியைக் கட்டிய ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் பழைய பேர் கண்ணுசாமி, 1815-இல் வெள்ளையரிடம் பிடிபட்டு வேலூரில் செத்தார் என்பதெல்லாம் பிறகு புத்தகத்தில் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவரும் திருப்பி அனுப்பப்பட்டவருதானா?" என்று கேட்டார்.

இப்போது நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறேன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இன்னொரு கடையில் கணக்கு எழுதுகிறேன், உட்கார்ந்து செய்கிற வேலை. காலை ஆறரைக்குச் சூன் பாண் ஆட்டோ வரும், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் (ரொட்டி) விற்கிற வண்டி. ஒலிபெருக்கியில் பீத்தோவனின் ஃபர் எலீஸ். அந்த இசையைக் கேட்டால் என் சின்ன மகளுக்குப் பணிஸ் ஞாபகம்தான் வரும். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ், கவும் என்கிற சிங்களப் பலகாரங்கள் அங்கிருந்து வரும், தீபாவளிக்கு அதிரசம் இங்கிருந்து போகும். எங்கள் இருவருக்கும் பொது எதிரி குரங்கு. ஜன்னலைத் திறந்து வைத்தால் பாண் போய்விடும், துணி காயப்போட்டால் துணியும் போகும்.

டவுன் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போன நாட்கள் உண்டு. நாலாபக்கமும் மலை, நடுவில் குழி மாதிரி நகரம். உள்ளே வர பேராதனை வழி, கட்டுகஸ்தோட்டை வழி, தென்னகும்புர வழி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பாதைகள். 1998 ஜனவரியில் தலதா மாளிகை முன்னால் குண்டு வெடித்த பிறகு அந்தப் பாதையை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள், ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடங்கள் விடும்போது வேன்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அந்த நேரத்தில் எந்த அவசரத்துக்கும் நான் டவுனுக்குள் போவதில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். ஊரடங்கு, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கம். பழைய முதலாளிக்குப் போன் போட்டேன். "கடைக்கு ஒண்ணுமில்ல மகன், நீங்க வெளிய வராதீங்க" என்றார். 1983-இன் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தைப் பார்த்த எங்கள் அப்பா அந்த ஒரு வாரமும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். எங்கள் மேல் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் பஸ்ஸில் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை, எந்த மொழியிலும்.

இனி உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் தேடுங்கள். தோட்டத்தின் பேரும் தபால் ஊரின் பேரும் அநேகமாக அதில் இருக்கும். ஆனால் அது துரைமார் வைத்த இங்கிலீஷ் பேராக இருக்கும். ஜனங்கள் வைத்த தமிழ்ப் பேர் வேறு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தப் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எந்த டிவிசன், மேக்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் சேர்த்து. கண்டிக்கு வந்தால் ஓட்டலில் விசாரித்துப் பிரயோசனமில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் பஸ் ஸ்டாண்டில், மரக்கறிப் பையோடு நிற்கிற பாட்டிமாரிடம் அந்தத் தமிழ்ப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த பஸ் என்று சொல்வதோடு, உங்கள் தாத்தா எந்த லயத்துக்காரர் என்றும் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏறுவதற்கு முன் திரும்பி வர பஸ் இருக்கிறதா என்று மட்டும் கொண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பாட்டி வீட்டில்தான் அன்றைக்கு ராத்தங்கல். ரொட்டியும் காரமான கட்டசம்பலும் கட்டாயம் கிடைக்கும், கம்பளி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.