இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்துக்கு வந்தால் யாரிடம் கேட்பது?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் எங்கள் கிராமம். டவுனுக்கு 24 கிலோமீட்டர். ரொம்ப வருடமாக ஒரே கம்பெனியின் பஸ்தான், டிக்கெட் 18 ரூபாய். போன வருடம் இன்னொரு முதலாளி பஸ் விட்டார், அவர் 12 ரூபாய்தான் வாங்குகிறார். முதலில் சந்தோஷப்பட்டோம். இப்போது காலையில் இரண்டும் 7.40-க்கு முட்டி மோதிக்கொண்டு வருகின்றன. அதற்கப்புறம் 9 மணி வரை ஒன்றுமில்லை. பழைய கம்பெனி இரவு கடைசி டிரிப்பை மெயின் ரோட்டிலேயே முடித்துக்கொள்கிறது, ஊருக்குள் வருவதில்லை. கேட்டால் ‘கட்டுப்படியாகலை’ என்கிறார்கள். குறைந்த கட்டணத்தில் போவது சட்டப்படி தப்பா? நேரத்தை யார் சரிசெய்வார்கள்?

பதில்: 12 ரூபாய் விஷயத்தில் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, நிம்மதியாக ஏறுங்கள். உங்கள் ஊர்ப் பிரச்சினை டிக்கெட் விலையில் இல்லை. தனியார் பஸ் தொழிலில் சண்டை எப்போதுமே நிமிடத்துக்காகத்தான் நடக்கிறது. மனு எழுதும்போதும் நிமிடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் வேலை நடக்கும்.

காலை நிலவரத்தையே எடுத்துக்கொள்வோம். முந்தைய பஸ் 7.10-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். பழைய பஸ்ஸுக்கு 7.40, புதிய பஸ்ஸுக்கு 7.50 என்று நேரம் கொடுத்திருந்தால், முதலில் வருகிறவனுக்கு அரை மணி நேரமாக ஸ்டாப்பில் சேர்ந்த கூட்டம் முழுக்கக் கிடைக்கும். பின்னால் வருகிறவனுக்குப் பத்து நிமிடக் கூட்டம்தான். ஆகவே பின்னால் வருகிறவன் மெதுவாக 7.39-க்கு நகர்ந்து வருவான். முன்னவன் சும்மா இருப்பானா? அவனும் முன்னே நகர்வான், அல்லது பஸ் ஸ்டாண்டிலேயே இன்ஜினை உறுமவிட்டு நின்று கடைசி ஆள்வரை ஏற்றிக்கொண்டு, வழியில் விரட்டிப் பிடிப்பான். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் பேட்டா பெரும்பாலும் கலெக்‌ஷனைப் பொறுத்தது என்பதால் இந்த ஓட்டத்துக்கு முதலாளி தனியாக உத்தரவு போட வேண்டியதே இல்லை. இரண்டில் ஒன்று 8.20-க்குப் போனால் ஊருக்கு எவ்வளவோ வசதி. ஆனால் தானாக முன்வந்து யாரும் நகர மாட்டார்கள். நகர்ந்தவனின் 7.40 கூட்டம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

நேரத்தைப் பெர்மிட்டோடு கட்டிவைத்திருப்பது இதனால்தான். பயணிகளிடம் தனித்தனியாக டிக்கெட் வாங்கி, ஸ்டேஜ் ஸ்டேஜாக, அதாவது கட்டணம் கணக்கிடும் நிறுத்தம்தோறும், ஏற்றி இறக்கும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி தனி பெர்மிட் வேண்டும். பாதை, தினசரி எத்தனை டிரிப், அங்கீகரித்த கால அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையெல்லாம் பெர்மிட் நிபந்தனையாக விதிக்க அந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு இடம் தருகிறது. புதிதாக ஒரு பஸ் வரும்போது அந்தப் பாதையில் ஏற்கெனவே ஓட்டுகிறவர்களையும் அழைத்து நேரம் ஒதுக்குவார்கள். தொழிலில் இதற்குப் பெயர் டைமிங் கான்ஃபரன்ஸ். இரண்டு நிமிடத்துக்காக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று அலைகிற முதலாளிகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைய கலெக்‌ஷன்.

பழைய முதலாளி புதியவரை வரவிடாமல் தடுத்திருக்க முடியாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை, ஏற்கெனவே ஓட்டுகிறவர் புதிய பெர்மிட்டுக்கு ஆட்சேபணை சொல்லலாம். 1988 சட்டம் அந்த வழியை எடுத்துவிட்டது. அது செல்லும் என்று மிதிலேஷ் கார்க் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கையில் மிச்சமிருக்கும் ஆயுதம் டைமிங் ஒன்றுதான், அதனால்தான் அதில் இவ்வளவு மூர்க்கம்.

சரி, கட்டணம். 1988 சட்டத்தின் 67-வது பிரிவின் கீழ் அதை நிர்ணயிப்பது மாநில அரசு. தமிழ்நாட்டில் 2018 ஜனவரி 20-இல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு வந்ததும் அதே மாதக் கடைசியில் கொஞ்சம் குறைத்தார்கள். அதன்படி சாதாரணப் புறநகர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, எக்ஸ்பிரஸுக்கு 75 பைசா. உங்கள் 24 கிலோமீட்டருக்குச் சாதாரணக் கணக்கு 13 ரூபாய் 92 பைசா. ஸ்டேஜ் கணக்கு, மேல்வரி எல்லாம் சேர்ந்தால் ஒன்றிரண்டு ரூபாய் ஏறலாம். எக்ஸ்பிரஸ் கணக்கில் பார்த்தால் சரியாக 18 ரூபாய் வருகிறது! எனவே பழைய பஸ்ஸின் பெர்மிட் சாதாரணமா எக்ஸ்பிரஸா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று ஒட்டியிருப்பது கணக்கில்லை. எல்லா ஸ்டாப்பிலும் நின்று ஏற்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்குவது இந்தத் தொழிலின் பழைய வித்தை.

டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். டிக்கெட் தராமல் விட்டாலோ, வாங்கிய காசுக்குக் குறைந்த மதிப்பில் டிக்கெட் கொடுத்தாலோ 178-வது பிரிவின்படி கண்டக்டருக்கு 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. டிக்கெட் வேறொரு காரியத்துக்கும் உதவும், கீழே சொல்கிறேன்.

புதியவர் அரசு சொன்னதற்கும் குறைத்து வாங்குவது அவருக்கும் பெர்மிட் கொடுத்தவர்களுக்கும் இடையிலான விவகாரம். ஆனால் அந்த 12 ரூபாயை நம்பிக் குடும்ப பட்ஜெட் போடாதீர்கள். 2018-இல் கட்டணம் நிர்ணயித்தபோது டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்தது, பிறகு 90-ஐத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு 2021 மே 8 முதல் அரசு சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த பஸ் ஓடுகிற பாதையில் தனியார் பஸ் எதிர்த்துப் போட்டியிடுவது பூஜ்யம் ரூபாயோடு. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் விலையைக் குறைத்தால் ஒன்று சம்பளம், பராமரிப்பில் கை வைக்கிறார், இல்லையென்றால் எதிராளி களைத்துப் போகும்வரை காத்திருக்கிறார்.

இரண்டாவது வகைக்கு உலகறிந்த உதாரணம் இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரம். லண்டன் நீங்கலாக அந்த நாட்டில் 1986-இல் பஸ் தொழிலைத் திறந்துவிட்டார்கள், யாரும் பதிவு செய்துவிட்டு எந்தப் பாதையிலும் ஓட்டலாம். 1994-இல் ஸ்டேஜ்கோச் குழுமத்தின் பஸ்வேஸ் நிறுவனம் டார்லிங்டன் நகராட்சியின் பஸ் கம்பெனிக்கு எதிராக இலவசமாகவே பஸ் விட்டது. டிரைவர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சில வாரங்களில் நகராட்சிக் கம்பெனி படுத்துவிட்டது. ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் பிற்பாடு அந்த நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் போன கம்பெனி போனதுதான்.

இரவு டிரிப் விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. பெர்மிட்டில் ஊர்வரை பாதை இருந்தால் ஊர்வரை வந்தே ஆக வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் முதலாளி போக்குவரத்து ஆணையத்திடம் பெர்மிட் மாற்றம் கேட்க வேண்டும். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போவது நிபந்தனை மீறல். 86-வது பிரிவின்படி பெர்மிட்டை இடைநிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். நடைமுறையில் இடைநிறுத்தத்துக்குப் பதிலாக ஒரு தொகை கட்டவைத்து முடிப்பதும் உண்டு, அதற்கும் அதே பிரிவில் இடமிருக்கிறது. ஆகவே ஒரு மனுவோடு விட்டுவிடாதீர்கள்.

முதல் வேலை, ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒரு தகவல் அறியும் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டு வண்டி எண்களையும் குறிப்பிட்டு, பெர்மிட் நகல், அங்கீகரித்த கால அட்டவணை, கட்டண அட்டவணை மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அது வருவதற்குள் இரண்டு வாரத்துக்காவது டிக்கெட்டுகளைச் சேர்த்துவையுங்கள். மெஷின் டிக்கெட்டாக இருந்தால் தேதி, நேரம், ஸ்டேஜ் எல்லாம் அச்சாகியிருக்கும். ‘7.50 பஸ் 7.38-க்கே போகிறது’ என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரவில் மெயின் ரோட்டில் இறக்கிவிடும் நாட்களைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மனு. வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்பது நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியர்தான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகலை ஆர்டிஓவுக்கு அனுப்புங்கள். ‘அராஜகம், அட்டூழியம்’ என்று எழுதினால் கோப்பில் தூங்கும். வண்டி எண், ஸ்டாப், அங்கீகரித்த நேரம், வந்த நேரம் என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். கோரிக்கை இரண்டே: இரவு டிரிப் ஊருக்குள் வர வேண்டும், காலை நேரங்களைப் பள்ளி, ஆபீஸ் நேரம் பார்த்து இடைவெளி விட்டு மாற்றி அமைக்க வேண்டும். ரோட்டில் ரேஸ் விடுவது போலீஸ் விஷயம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184, 189 பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. அந்தப் புகாரைத் தனியாக ஸ்டேஷனில் கொடுங்கள்.

7.40-க்கும் 9-க்கும் நடுவே அரசு பஸ் கேட்டு, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில் உங்கள் பகுதிக் கிளை மேலாளருக்கும் எழுதலாம். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டமும் இருக்கிறது. பாதை 25 கிலோமீட்டர் வரை, அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாததாக இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர் நேர்ப்பாதைக்கு அது பொருந்தாது. பக்கத்துக் குக்கிராமங்களைச் சுற்றிவரும் பாதையாகக் கேட்டால் பரிசீலிப்பார்கள்.

கையெழுத்து வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டு முதலாளிகளில் ஒருவரின் ஆள் டைப் செய்த மனுவோடு உங்கள் வாசலுக்கு வருவார், செலவையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். அதில் கையெழுத்துப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் ‘இது போட்டிக் கம்பெனி தூண்டிய மனு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மனுவை ஊராரே எழுதி, கிராம சபைத் தீர்மான நகலை இணைத்து, இரண்டு பஸ்களின் மீறல்களையும் பாகுபாடில்லாமல் அதில் சேருங்கள், 12 ரூபாய் வாங்குகிறவருடையது உட்பட.