பூனைக்குச் செய்த டிஎன்ஏ தடுப்பூசிக்கு எச்ஐவி வரை பேட்டன்ட் கேட்கலாமா?

கேள்வி: ஊர் ஹட்டன், பேராதனையில் ஆய்வு மாணவன். பூனைகளின் நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸான எஃப்ஐவியின் உறைப்புரத மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவில் ஏற்றி, சுண்டெலிகளுக்குத் தலா 100 மைக்ரோகிராம் தசையில் போட்டோம். பிறபொருளெதிரிகள் உண்டாகின. “எஃப்ஐவி, எச்ஐவி உட்பட நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ்களுக்கான டிஎன்ஏ தடுப்பூசி” என்று அமெரிக்காவிலும் இங்கும் கேட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. ஒரு மலையில் கொழுந்து எடுத்துவிட்டுத் தோட்டம் முழுக்கப் பேர் போடச் சொல்வது போன்ற கிளெய்ம், அதாவது உரிமைக்கோரிக்கை, இது.

துறை தெரிந்த ஒருவர் விண்ணப்பத்திலுள்ள உங்கள் விவரிப்பைப் படித்து, அளவுக்கு மிஞ்சிய பரிசோதனை இல்லாமல், நீங்கள் உரிமை கேட்கும் பரப்பு முழுவதையும் செய்ய முடிய வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். அமெரிக்க நீதிமன்றத்தின் 1988 வாண்ட்ஸ் தீர்ப்பு இதை அளக்க எட்டு அம்சங்களைத் தந்தது. உங்களைக் கடிக்கப்போவது மூன்று: துறையின் கணிக்கமுடியாமை, செய்துகாட்டிய உதாரணங்கள், கிளெய்மின் அகலம்.

விண்ணப்பத்தை ஆராயும் பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் முதலில் எடுத்துப்போடுவது 1993 ரைட் வழக்காக இருக்கும். கோழி வைரஸ் ஒன்றில் செய்துகாட்டிவிட்டு, எய்ட்ஸ் வைரஸையும் அடக்கும் அகலத்தில் கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் எச்ஐவி யாருக்கும் மசியவில்லை. டிஎன்ஏவை முதல் டோஸாகக் கொடுத்த எச்விடிஎன் 505 என்ற எச்ஐவி தடுப்பூசிச் சோதனையில் பலன் தெரியாமல் 2013இல் ஊசி போடுவதை நிறுத்தினார்கள்.

ஆகவே எச்ஐவியை வெட்டுங்கள். “தடுப்பூசி” என்ற சொல்லையும் யோசியுங்கள். அது பாதுகாப்பைக் குறிக்கிறது. சுண்டெலியோ எஃப்ஐவியின் இயல்பான விருந்துவழங்கி அல்ல. பிறபொருளெதிரி உண்டானது பாதுகாப்புக்குச் சாட்சியாகாது. பூனைகளுக்கு ஊசி போட்டு, வெறும் பிளாஸ்மிட் பெற்ற கட்டுப்பாட்டுக் குழுவோடு வைரஸைச் செலுத்திப் பார்க்கும்வரை “நோயெதிர்ப்புத் தூண்டும் கலவை” என்று கேட்பதே புத்தி. எந்த உபவகை என்றும் எழுதுங்கள். 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃப்ஐவி தடுப்பூசியிலேயே ஏ, டி என இரு உபவகைகளைச் செயலிழக்கச் செய்து சேர்த்திருந்தார்கள்.

பலர் சறுக்கும் இடம் மரபணு வரிசை. எஃப்ஐவி, எச்ஐவி இரண்டும் சேர்ந்த லென்டிவைரஸ் இனத்தின் உறைப்புரத ஆர்என்ஏ, ரெவ் என்ற வைரஸின் சொந்தப் புரதம் இல்லாமல் உயிரணுவின் கருவைவிட்டுச் சரியாக வெளியேறாது. இயற்கை வரிசையை அப்படியே பிளாஸ்மிட்டில் வைப்பவருக்குப் புரதம் கிடைப்பதே அரிது. நீங்கள் கோடான்களை (ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூவெழுத்துகளை) மாற்றியிருந்தால், “கோடான் சீரமைத்தோம்” என்ற ஒற்றை வரி போதாது; முழு வரிசையையும் எஸ்டி.26 என்ற, மரபணு வரிசைகளுக்கான பேட்டன்ட் தர வடிவில் இணைக்க வேண்டும். புரமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி), பாலி-ஏ (அதை முடிக்கும் பகுதி), எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சின் அளவு, ஊசிகளுக்கு இடைப்பட்ட வாரங்கள், டிஎன்ஏ உள்ளே போக மின்துடிப்பால் மின்துளையிடல் செய்திருந்தால் வோல்ட்டும் துடிப்பு நேரமும், எல்லாம் வேண்டும். விண்ணப்பித்த பின் புதிய விவரம் சேர்க்க விடமாட்டார்கள். இன்னும் செய்யாத பரிசோதனையை உதாரணமாக எழுதலாம், ஆனால் “செய்தோம்” என்று இறந்தகாலத்தில் எழுதக்கூடாது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சை முறைகளுக்கு பேட்டன்ட் தருவதில்லை. அவற்றில் பயன்படும் பொருளுக்குத் தரும். எனவே கொழும்பில் பிளாஸ்மிட்டையும் கலவையையும் கேளுங்கள். ஊசி போடும் முறையை அமெரிக்க விண்ணப்பத்துக்கு வையுங்கள்.

பல்கலைக்கழக ஆய்வரங்கில் போஸ்டர் ஒட்ட நினைத்தால், விண்ணப்பத் திகதி கிடைத்த பிறகு ஒட்டுங்கள். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தப் போஸ்டரே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.